உப்புத்தண்ணித் தொட்டி

கரட்டுப்பாளையத்துக்குக் கடல் வந்தது ஓர் ஆடி மாதத்தில், அடியில் இரண்டு ஓட்டை போட்ட பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றின் வழியாக. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்ளாடும் வெயிலும் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற மேட்டுநிலம் அது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன பிறகுதான் கடல் கண்ணில் படும், அதனால் ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்க்காமலே பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, காரியமும் ஆகி முடிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இரண்டே தண்ணீர்தான். ஆற்றிலிருந்து குழாயில் எப்போதாவது மனசு வைத்து வருகிற நல்ல தண்ணி ஒன்று. பூமியைக் குடைந்து போர் போட்டு எடுக்கிற, பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத, குளித்தால் தலைமுடியைத் தேங்காய் நாராக்கிவிடுகிற உப்புத்தண்ணி இன்னொன்று. நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

நாச்சிமுத்து அந்த ஊரில் பைப்புக் கடையும் மோட்டார்க் கடையும் சேர்த்து வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் எத்தனை அடிக்கு மோட்டார் தொங்குகிறது, எந்த வளைவில் எந்த எல்போ கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேச்சு கம்மி. இருக்கிற பேச்சையெல்லாம் ஒரே மகளான தர்ஷிணிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டதால் கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவரிடம் மிச்சமில்லை என்று அவர் மனைவி சாந்தாமணி சொல்வாள். தர்ஷிணி சென்னையில் கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கடலே இல்லாத ஊரில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் படிப்பு எங்கிருந்து பிடித்துக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் பொழுதோடு போன் பண்ணி, “அப்பா, ஒரு தொட்டி வாங்கியிருக்கேன். செகண்ட் ஹேண்ட். அடியில ரெண்டு ஓட்டை இருக்கு. நீங்கதான் பைப் போட்டுத் தரணும்,” என்றாள்.

“ஓட்டைத் தொட்டியப் போயி எவனாச்சும் வாங்குவானா கண்ணு?”

“அது உடைஞ்ச ஓட்டை இல்லப்பா, பைப்புக்குன்னே போட்டது. உப்புத்தண்ணித் தொட்டி.”

“உப்புத்தண்ணிக்குன்னு தனியா ஒரு தொட்டியா? நம்மூர்ல இருக்கறதெல்லாமே உப்புத்தண்ணித் தொட்டிதான் சாமி.”

அவள் சிரித்த சிரிப்பில், தான் சொன்னது கடல்தண்ணீர் என்று விளக்க மறந்துபோனாள். அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாலைகளில் அப்பனுக்கும் மகளுக்கும் அந்த இரண்டு ஓட்டைகள்தான் பேச்சு. இரண்டையும் எண்ட் கேப் போட்டு அடைத்துவிட்டு வெறும் தொட்டியாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டு ஓட்டையிலும் தண்ணீரைக் கீழே இறக்கி, கீழே இருக்கிற டிரம்மிலிருந்து மோட்டார் வைத்து, விளிம்புக்கு மேலாக ஒரு வளைவு பைப்பில் திருப்பி ஊற்றலாம். அதுவும் இல்லையென்றால் பெரிய ஓட்டை போவதற்கு, சின்ன ஓட்டை வருவதற்கு. தர்ஷிணிக்குக் கடைசி வழிதான் ஆசை, பயமும் அதில்தான். சின்ன ஓட்டையில் பைப்பைப் பொருத்துகிற நிப்பிள் ஒருநாள் ஒழுக ஆரம்பித்தால் தொட்டித் தண்ணீர் மொத்தமும் தரையில்தான் என்பாள். “என்ற கையால போடற நிப்பிள் ஒழுகுமா கண்ணு?” என்று அவர் கோபித்துக்கொள்வார். “சரிப்பா, யோசிச்சுச் சொல்றேன்,” என்று ஒருநாள் போனை வைத்தாள். அந்த வாரம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அவளுடைய கட்டிலும் புத்தகங்களும் தொட்டியும் ஒரு வேனில் வந்தன. அதே வேனில், நாச்சிமுத்துவின் மடியில், சிவப்புத் துணி கட்டிய சின்னப் பானையில் அவளும் வந்தாள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் பானையை வாசல் வேப்பமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்த நாளே கொடுமுடிக்குக் கொண்டுபோய்க் காவிரியில் கரைக்கவேண்டியது. கரைக்கலாம் என்றார் நாச்சிமுத்து, அடுத்த வாரமும் கரைக்கலாம் என்றார், ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்றார், தண்ணீர் வந்தது, போனது, பானை மரத்திலேயே இருந்தது. சாந்தாமணி வாசல் தெளிக்கும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

தொட்டி கடையின் பின்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. வருகிறவன் போகிறவனெல்லாம் இது என்ன விலைக்கு வரும் என்று கேட்பதைத் தாங்கமுடியாமல்தான் ஆடி பிறந்த அன்றைக்கு அதை வீட்டு முன்னறைக்குத் தூக்கிவந்தார் நாச்சிமுத்து. சாந்தாமணியின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி, தங்கையைப் பார்க்க வந்தவர், “ரெண்டு எண்ட் கேப்பப் போட்டு அடைச்சுட்டு வேலையப் பாருங்க மாப்ள. ஓட்டைச் சாமான் ஊட்டுக்கு ஆகாது,” என்றார். நாச்சிமுத்து பெரிய ஓட்டையில் நிப்பிளை முறுக்கி, அதன்மேல் தண்ணீர் நிற்கவேண்டிய உயரத்துக்கு ஒரு பைப்பைத் தொட்டிக்குள் நிறுத்தி வைத்தார். அந்த உயரத்தைத் தாண்டுகிற தண்ணீர் பைப்பின் வாய்க்குள் விழுந்து கீழே பாதியாக அறுத்த நீல டிரம்முக்குப் போகும். டிரம்மில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு, அங்கிருந்து சின்ன ஓட்டைக்கு இன்னொரு பைப், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமலிருக்க அதில் ஒரு வால்வு. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. அவள் ஆசைப்பட்ட வழி அதுதானே. பைப் ஒட்டிய சொல்யூஷன் காய்ந்ததும் போர் மோட்டாரைப் போட்டு, உப்புத்தண்ணித் தொட்டிக்கு ஊர் உப்புத்தண்ணியையே நிரப்பினார்.

மறுநாள் காலையில் சாந்தாமணி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ஏனுங்க, தொட்டியில கடல் வந்திருக்குதுங்க,” என்றாள்.

“அலை அடிக்குதா?”

“சன்னமா அடிக்குது.”

“நிப்பிள் ஒழுகுதா?”

“இல்லீங்க.”

“அப்பறமென்ன,” என்று காப்பியைக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் போய் எட்டிப் பார்த்தார். கடல்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரை தெரியவில்லை, நடுவில் வெள்ளையாய் நுரை கட்டியது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போர்த்தண்ணியின் சவர் போய் அசல் உப்புக் கரித்தது. மகள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீடுகளில் காயப்போட்ட துணி விறைத்துக்கொண்டது, ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்தது, மேயப் போன வெள்ளாடுகள் நாச்சிமுத்து வீட்டு மதிற்சுவரை வரிசையில் நின்று நக்க ஆரம்பித்தன, ஆடு நக்கி நக்கிச் சுவர் பூச்சு போய்விட்டது என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. வீட்டுக்குக் கடலூடு என்று பேர் வந்தது. பஸ் கண்டக்டர் “கடலூட்டு ஸ்டாப் எறங்கு” என்று விசிலடித்தார். தறி ஓட்டுகிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து தொட்டிக் காற்றில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எங்கிருந்தோ மீன்கள் தாமாக வந்தன, ஒரு நண்டு வந்தது, அது பூஜையறைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது சாந்தாமணிக்கு வேலையாயிற்று. ஆடி அமாவாசையன்று தொட்டியில் தண்ணீர் ஏறிப் பைப்பின் வாயில் குளுகுளுவென்று சத்தம் போட்டது. இராமேசுவரம் போகப் பஸ் பிடிக்கிற தெம்பில்லாத கிழவர்களெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, தலையில் தெளித்துக்கொண்டு, சாந்தாமணியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கடல் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எள் விட்டவர்கள் அஸ்தியோடு வர எத்தனை நாள் ஆகும். மேற்கு வீதியில் பழனாத்தாள் செத்துப்போனபோது கொடுமுடியில் மணல்தான் இருந்தது, அதனால் அவள் மகனும் மருமகள் கோகிலவாணியும் பானையை எடுத்துக்கொண்டு கடலூட்டுக்கே வந்துவிட்டார்கள். சாம்பல் தண்ணீரில் பரவி, சுற்றி, நின்ற பைப்பின் வாய்க்குள் இறங்கிப் போனது. எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது, ஒருவரையும் நாச்சிமுத்து வேண்டாமென்று சொல்லவில்லை, கடலை எப்படி மறுப்பது.

கோகிலவாணிதான் முதலில் திரும்பி வந்தவள். “அண்ணா, எங்க மாமியாளக் கரைச்சமல்லங்க, அவங்க போகலீங்க,” என்றாள்.

“போகலீன்னா?”

“அடுப்படியிலயே நிக்கறாங்க. கொழம்புக்குப் புளி பத்தலைங்கறாங்க. சித்தெ நேரம் காணோம், அப்பாடான்னு உக்காந்தா மறுபடியும் வந்தர்றாங்க. உசுரோட இருந்தப்பக்கூட இந்த வரத்து வரலீங்க.”

அவள் சொன்ன பிறகு மற்றவர்களும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவருடைய அய்யன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இருமுகிறார், எழுந்து போகிறார், வந்து மறுபடி இருமுகிறார். தறிக்கூடத்துக் கிழவர் நூலைத் தாராகச் சுற்றுகிற இடத்தில் நின்று குறை சொல்கிறார். பயந்தவர் யாருமில்லை, நம்முடைய ஆட்கள்தானே. ஆனால் தினம் தினம் அழுது வழியனுப்பி, தினம் தினம் வாசலுக்கு ஓடி வரவேற்று, ஊருக்கே அலுப்பு தட்டிவிட்டது. ஈஸ்வரமூர்த்திதான் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். “மாப்ள, இதுல வழி எங்கிருக்குது? பெரிய ஓட்டையில போறது டிரம்முக்குப் போகுது, டிரம்முல இருந்து சின்ன ஓட்டையில மறுபடியும் வந்தருது. போனவங்க சுத்திக்கிட்டேதான இருப்பாங்க.”

மறுநாள் விடிந்ததும் நாச்சிமுத்து ஏணியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனார்.

“கொடுமுடிக்குத்தானுங்களே?” என்று கேட்டாள் சாந்தாமணி, மாடத்திலிருந்து சூடமும் வெற்றிலையும் எடுக்கப் போனவள்.

“இங்கயே கரைச்சுப்போடலாம்.”

“இங்க கரைச்ச பழனாத்தாளே இன்னம் அடுப்படிய விட்டுப் போகலீங்க.”

“அதுக்குத்தான் சாந்தா,” என்றார் அவர். பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏணியில் நின்றிருந்தார். அவள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

தர்ஷிணி வந்தாள். சாம்பலைக் கரைத்துவிட்டுக் கடலில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விடுதியிலிருந்து லீவுக்கு வருகிறவள் எப்படி வருவாளோ அப்படி, தோளில் பை, முகத்தில் பஸ் தூசி, பின்னல் நுனி மட்டும் ஈரம். “அப்பா” என்றாள். சாந்தாமணி தட்டு எடுக்க ஓடினாள். தர்ஷிணி ஒரு கால் செருப்பைக் கழற்றினாள், அடுத்த செருப்பின் வாரில் கை வைத்தாள், அதற்குள் தொட்டியில் தண்ணீர் பைப்பின் வாயைத் தொட்டுக் குளுகுளுவென்றது, கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டு, “போயிட்டு வர்றேன்ப்பா,” என்று படியிறங்கினாள். சோறு போட்ட தட்டோடு சாந்தாமணி அறைக்கு நடுவில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் செருப்புச் சத்தம்.

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. வந்துகொண்டே இருந்தாள், போய்க்கொண்டே இருந்தாள். முதலில் அவர்களுக்கு அது போதுமாக இருந்தது, போதும் என்ன, அதைவிட இந்த உலகத்தில் கேட்டுவாங்க வேறெதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. நாச்சிமுத்து கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், அவள் கீழே டிரம்மிலேயே தங்கிவிடுவாள், அந்த நேரமெல்லாம் அவர் நீல டிரம்மின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருப்பார். பிறகு இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார். வந்தவள் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று வருகிற பைப்பில் ஒரு கேட் வால்வைப் போட்டு, தண்ணீரை நூல் அளவுக்குக் குறைத்தார். அப்போது அவளால் இரண்டு செருப்பையும் கழற்ற முடிந்தது, நாற்காலி நுனியில் உட்கார முடிந்தது, ஆனால் தட்டில் கை வைப்பதற்குள் எழுந்துவிடுவாள். மேலே தங்கின நேரத்துக்குத் தகுந்த மாதிரி கீழேயும் தங்க வேண்டியிருந்தது.

“எங்க கண்ணு போற?” என்று ஒருதரம் கேட்டார்.

“தெரியலப்பா. இருட்டா இருக்கு. மோட்டார் சத்தம் மட்டும் கேக்குது. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தர்றேன்.”

ஊர் ஒருநாள் பகலில் திரண்டு வந்தது. மோர் குடித்தார்கள், கடலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள், கடைசியில் ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாப்ள, எல்லாருக்கும் ஒரே தொட்டி. தண்ணிய வெளிய உட்டா எல்லாரும் போயிச் சேர்ந்துருவாங்க. நீங்க மனசு வெக்கோணும்.”

“உங்க ஆளுங்க ஆண்டு அனுபவிச்சு, பேரன் பேத்தி பாத்துட்டுப் போனவங்க மச்சான். என்ற புள்ள அப்படியா?” என்றார் நாச்சிமுத்து. பழனாத்தாளைப் பற்றிப் பேச வந்திருந்த கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஊர் கேட்கவில்லை. புளி பத்தவில்லை என்றால் புளி கரைத்து ஊற்றி, இருமினால் வெந்நீர் வைத்து, தங்கள் செத்தவர்களோடு அந்த வீட்டுப் பெண்ணுக்காகப் பொறுத்துக்கொண்டு இருந்தது.

சாந்தாமணி மட்டும் கேட்டாள். “ஏனுங்க, செத்த பொறவும் ஒரு வாய் சோறு உள்ள போகல புள்ளைக்கு. நானும் தெனம் தெனம் போட்டு, தெனம் தெனம் காக்காய்க்கு வெக்கறேன்.”

“வர்றாளல்ல?”

“வர்றா. நீங்க அவ காலப் பாத்தீங்களா?”

அவர் பார்த்ததில்லை. வருகிறவளின் முகத்தை விட்டுவிட்டுக் காலை யார் பார்ப்பார்கள். அடுத்த தடவை செருப்புச் சத்தம் கேட்டபோது பார்த்தார். பொங்கலுக்குச் சாந்தாமணி வாங்கிக் கொடுத்த பழுப்புச் செருப்பு; அடிப்பாகம் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போய், வார் மட்டும்தான் பாதத்தைச் சுற்றிக் கட்டியிருந்தது. அதைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டிருந்தாள். குதிகால் வெடித்து உப்பு ஏறியிருந்தது. “வலிக்குதா கண்ணு?” என்றார். “இல்லப்பா,” என்றாள் தர்ஷிணி, சின்ன வயதில் விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்து வந்து சொல்வாளே, அதே குரலில். அவள் படியிறங்கிப் போன பிறகு நாச்சிமுத்து தொட்டியின் ஓரத்தில் நெற்றியை வைத்து, ஊர் கேட்கும்படி அழுதார்.

அழுது முடித்துக் கடையைத் திறந்தார். இருந்த பைப்பையெல்லாம் எடுத்து வாசலில் போட்டார். யாரும் கூப்பிடாமலே ஆட்கள் வந்தார்கள். ஐப்பசி மழையில் ஊருக்குத் தெற்கே ஓடை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. ஓடை அமராவதியில் சேரும், அமராவதி காவிரியில், காவிரி எங்கே போகும் என்று குழந்தைக்கும் தெரியும். பெரிய ஓட்டைக்குக் கீழிருந்து சுவரைத் துளைத்து, ஆடு நக்கிய மதிலைத் தாண்டி, தறிக்கூடத்துச் சந்து வழியாக, வயல் வரப்போரமாக, வாட்டம் பார்த்துப் பார்த்துப் பைப்பைப் பதித்தார்கள். பைப் தீர்ந்த இடத்தில் அவரவர் வீட்டுக் கூரைத்தண்ணி பைப்பைக் கழற்றிக்கொண்டு வந்து இணைத்தார்கள். ஓடைக்கரையில் கடைசி எல்போவை நாச்சிமுத்துவே ஒட்டினார்.

மத்தியானம் டிரம்முக்குப் போகிற வழியை அடைத்து, ஓடைக்கான வழியைத் திறந்தார். கேட் வால்வை முழுசாகத் திறந்து, டிரம்மில் இருக்கிற கடைசிச் சொட்டும் மேலே வரட்டும் என்று மோட்டாரை ஓடவிட்டார். கடல் ஏறி, பைப்பின் வாய்க்குள் விழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து வேட்டியையோ சேலையையோ உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கட்டிலில் இருமிய பெரியவர் ஓடை வரைக்கும் இருமிக்கொண்டே போனார். பழனாத்தாள் அடுப்படி நிலையில் நின்று, “கொழம்பு இப்பத்தான் வாய்க்கு நல்லாருக்குது,” என்றாளாம், கோகிலவாணி இதைச் சொல்லும்போது எப்போதும் அழுதுவிடுவாள். டிரம் காலியாகி மோட்டார் வெறுங்காற்றை இழுத்தது. நாச்சிமுத்து சுவிட்சை அணைத்தார்.

வீடு அமைதியானது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டிரம்மின் கடைசிச் சொட்டோடு மேலே ஏறிய தர்ஷிணி வந்தாள், வந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். நிற்கிற பைப்பின் உயரத்துக்குமேல் இருந்த தண்ணீர்தான் போயிருந்தது. அதற்குக் கீழே தொட்டி நிறையக் கடல் அப்படியே இருந்தது, போவதும் இல்லை, வருவதும் இல்லை. இது நாச்சிமுத்துவுக்குத் தெரியாததில்லை. பைப்பைப் பிடுங்காமல் அதுவரைக்கும் வந்தவர் அவர்தானே.

தர்ஷிணி இரண்டு செருப்பையும் கழற்றினாள். பையை இறக்கிவைத்தாள். “பசிக்குதும்மா,” என்றாள்.

சாந்தாமணி சோறு போட்டாள். பருப்பும் நெய்யும் ஊற்றினாள், ரசம் ஊற்றினாள், தயிர் ஊற்றினாள், மறுபடியும் சோறு போட்டாள். தர்ஷிணி சப்பணம் போட்டு உட்கார்ந்து, தலை தூக்காமல், விரல் இடுக்கில் வழிந்ததையும் விடாமல் சாப்பிட்டாள். இரண்டு பேரும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. ஆனால் அவர் ஆயுசு முழுக்கத் தண்ணீரோடு பழகியவர். நின்ற தண்ணீர் பொழுதிறங்குவதற்குள் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மீன்கள் ஏற்கெனவே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

தர்ஷிணி கை கழுவிவிட்டு வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தேய்ந்த செருப்பைத் தேடினாள். சாந்தாமணி தன்னுடைய செருப்பை அவள் காலடியில் நகர்த்தி வைத்தாள். நாச்சிமுத்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தோள் வரைக்கும் தொட்டிக்குள் விட்டு, நிற்கிற பைப்பின் அடியைப் பிடித்தார்.

“போயிட்டு...” என்று ஆரம்பித்தாள்.

நம் பக்கத்தில் வாசல் தாண்டுகிறவர்கள் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் வாயிலேயே ஒன்று போடுவார்கள். பிள்ளை பேசப் பழகும்போதே அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தர்ஷிணிக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

“வர்றேன்னு சொல்லாத கண்ணு,” என்றார் நாச்சிமுத்து. “போறேன்னு சொல்லு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். சாந்தாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையை அசைத்தாள்.

“போறேன்ப்பா,” என்றாள் தர்ஷிணி.

அவர் பைப்பை முறுக்கிப் பிடுங்கினார். கடல் சுழன்று, குறுகி, பெரிய ஓட்டைக்குள் இறங்கியது. இறங்கி முடிகிற நேரத்தில், அவர் கை அவரைக் கேட்காமலே ஓட்டையை அடைக்கப் போனது. சாந்தாமணி அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.